மொரிஷியஸ்ல இருக்கும்போது சுகர்னு சொல்லிட்டாங்களா? புதுசா மாட்டினவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்ல இருந்து இங்க வேலைக்கு வந்த நம்மாளுங்களுக்கு பெரும்பாலும் சுகர் தெரிய வர்றது கம்பெனி மெடிக்கல் செக்கப்ல, இல்லன்னா காய்ச்சல்னு போன இடத்துல. கையில ஒரு சீட்டை குடுத்து தியாபெட்னு சொல்லி அனுப்பிடுவாங்க, டாக்டர் பேசினது பாதி ஃப்ரெஞ்சு பாதி கிரியோல்னு மண்டையில ஏறியிருக்காது, ரூமுக்கு வந்ததும் யூட்யூபை தொறந்தா அங்க ஒருத்தர் மாத்திரையே விஷம்ங்கிறார், இன்னொருத்தர் நாவல்கொட்டை பொடி போதும்ங்கிறார். அப்படி முழிச்சிட்டு இருக்கிற ஆளுக்குத்தான் இதை எழுதுறேன். நான் டாக்டர் இல்லைங்க, சுகரோட இங்க பல வருஷமா இருக்கிறவன், கொஞ்சம் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். மாத்திரை அளவை கூட்டுறது குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர் வேலை.

ஒண்ணை முன்னாடியே சொல்லிடுறேன். சுகர் இருக்கிறவங்க உசுருக்கு பெரும்பாலும் உலை வைக்கிறது ஹார்ட் அட்டாக்கும் பக்கவாதமும்தான். அதனால சுகர் நம்பரை மட்டும் பிடிச்சு தொங்காம பிரஷர், கொழுப்பு ரெண்டையும் அதே கவனத்தோட பாக்கணும். இந்த ஒண்ணை பிடிச்சுக்கிட்டா கீழ சொல்றது எல்லாம் தானா புரியும்.

சீட்டை படிக்க கத்துக்குங்க

ஊர்ல வெறும் வயித்துல 126, சாப்பிட்டப்புறம் 200னு கேட்டு பழகினவங்களுக்கு இங்க சீட்டுல 9.2னு பாத்தா ஒண்ணும் புரியாது, சிலபேர் ஆகா சுகர் ஒத்தை இலக்கத்துக்கு வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுறதும் உண்டு. இங்க கணக்கு மில்லிமோல்ல. 18ஆல பெருக்கினா நம்ம ஊர் மில்லிகிராம் கணக்கு வந்துடும், 9.2ன்னா 166 கிட்ட. வெறும் வயித்துல 7.0 (அதாவது 126), இல்ல எப்ப எடுத்தாலும் 11.1 (அதாவது 200), இந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா சுகர்னு கணக்கு. ஆனா தாகம், அடிக்கடி ஒண்ணுக்கு போறது, எடை குறையிறது மாதிரி எந்த அறிகுறியும் இல்லாம ஒரே ஒரு டெஸ்ட்ல மட்டும் கூட வந்திருந்தா இன்னொரு தடவை எடுத்து உறுதி பண்ணணும், அதை கேட்டு வாங்குங்க. மூணு மாச சுகர்னு சொல்றோமே அந்த ஹெச்பிஏ1சி, அது ரெண்டு ஊர்லயும் பெரும்பாலும் சதவீதத்துலதான் இருக்கும், 6.5ம் அதுக்கு மேலயும் இருந்தா சுகர்.

கொழுப்பு சீட்டுக்கு இந்த 18 செல்லாது, அதுக்கு கிட்டத்தட்ட 39ஆல பெருக்கணும். மொத்தக் கொழுப்பு 5.2ன்னா ஊர் கணக்குல 200.

வீட்ல மீட்டர் வாங்குறதா இருந்தா ஊர்ல இருந்து தூக்கிட்டு வராதீங்க. இங்க உங்க பக்கத்து ஃபார்மசியில எந்த மீட்டருக்கு ஸ்ட்ரிப் எப்பவும் கிடைக்குதோ அதை வாங்குங்க. மீட்டர் விலையை விட ஸ்ட்ரிப் செலவுதான் வருஷம் பூரா ஓடும்.

முதல் மாசத்துலயே முடிக்க வேண்டிய டெஸ்ட்

மூணு மாச சுகர், கொழுப்பு, கிட்னிக்கு ரத்தத்துல கிரியேட்டினின், யூரின்ல புரதம் போகுதான்னு ஒரு டெஸ்ட், பிரஷர், கண்ணுக்குள்ள விழித்திரை, அப்புறம் பாதம். இதுல கண்ணும் பாதமும் எல்லாரும் விட்டுடுற ஐட்டம். கண்ணு நல்லாத்தான் தெரியுதேன்னு விடாதீங்க, விழித்திரையில ரத்தக்குழாய் கெட ஆரம்பிச்சா ரொம்ப நாளைக்கு பார்வையில ஒரு வித்தியாசமும் தெரியாது, தெரிய வரும்போது லேட்டாயிருக்கும்.

கூடவே ஒரு டெய்லர் டேப் எடுத்து இடுப்பை அளங்க. நம்ம தெற்காசிய உடம்புக்கு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 80, இதுக்கு மேல போனாலே உள்ள கொழுப்பு கூடிடுச்சுன்னு அர்த்தம். ஆளு ஒல்லியா இருந்து தொப்பை மட்டும் இருக்கிறவங்க நம்மள்ல நிறைய, எடை மெஷின் அவங்களை காட்டிக்குடுக்காது.

அரசாங்க பக்கம் போறதா இருந்தா உங்க ஏரியா ஹெல்த் சென்டர் இல்ல மெடிகிளினிக்ல ஆரம்பிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரின்னா போர்ட் லூயிஸ்காரங்களுக்கு ஜீத்து, வடக்குல பாம்ப்லமூஸ், நடுவுல இருக்கிறவங்களுக்கு காண்டோஸ்ல விக்டோரியா, தெற்குல ரோஸ்பெல். வேலை பெர்மிட்ல வந்தவங்க கம்பெனி இன்சூரன்ஸ் எதுக்கெல்லாம் குடுக்கும்னு ஹெச்ஆர்ல எழுத்துல கேட்டு வச்சுக்குங்க, குறிப்பா மாசாமாசம் வாங்குற மாத்திரைக்கு உண்டான்னு. போற இடத்துல பிரஷரை தான்சியோன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும்.

மாத்திரை

பெரும்பாலும் முதல்ல எழுதிக்குடுக்கிறது மெட்ஃபார்மின். 1957ல பாரிஸ்ல ஜான் ஸ்டெர்ன்ங்கிற டாக்டர் மனுஷங்களுக்கு குடுத்து பாத்த மருந்து, இவ்வளவு வருஷம் உலகம் பூரா ஓடியிருக்கு, அதனால இதுல நல்லது கெட்டது எல்லாமே தெரிஞ்ச விஷயம். முதல் வாரம் வயித்தை கலக்கும், வாய்ல ஒரு மாதிரி இரும்பு ருசி வரும். அதுக்காக நிறுத்திடாதீங்க, சாப்பாட்டு நடுவுலயோ சாப்பிட்ட உடனேயோ போடுங்க, கம்மி அளவுல ஆரம்பிச்சு மெல்ல ஏத்த சொல்லி கேளுங்க, அப்பவும் முடியலன்னா மெதுவா கரையிற வகை இருக்கு. மெட்ஃபார்மின் கிட்னியை கெடுக்கும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, அது தப்பு. கிட்னியை கெடுக்கிறது கட்டுப்படாத சுகரும் பிரஷரும். கிட்னி ஏற்கனவே ரொம்ப கெட்டவங்களுக்கு அந்த மருந்து உடம்புல தங்கிடும்னு அளவை குறைப்பாங்க இல்ல நிறுத்துவாங்க, அதைத்தான் ஜனங்க தலைகீழா புரிஞ்சுக்கிட்டாங்க. வருஷக்கணக்கா போடுறவங்களுக்கு பி12 குறையலாம், கை கால் மரத்துப்போச்சுன்னா அதையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க.

அடுத்தது கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகையறா. இது கணையத்தை தட்டி இன்சுலினை வெளிய விட வைக்கும், சாப்பாட்டை விட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும், அதனால லோ சுகர் ஆகலாம். வேர்த்து கொட்டும், கை நடுங்கும், படபடப்பு வரும், திடீர்னு கோவம் வரும். 4க்கு கீழ போனா லோ. உடனே மூணு டீஸ்பூன் சக்கரையை தண்ணில கலக்கி குடிச்சுட்டு, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. டயட் சோடா குடிச்சு பிரயோஜனம் இல்ல, அதுல சக்கரையே கிடையாது. கட்டட வேலையில சாரத்து மேல நிக்கிறவங்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க இந்த மாத்திரை எழுதினா தொழில் என்னன்னு டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, வேற மருந்து யோசிப்பாங்க.

இதுக்கு மேல பிரஷர் மாத்திரை, கொழுப்புக்கு ஸ்டாட்டின். இங்கதான் நம்மாளுங்க முரண்டு பிடிப்பாங்க, எனக்கு சுகர்தானே, எதுக்கு இத்தனைன்னு. பிரிட்டன்ல 1977ல ஆரம்பிச்சு 1998ல முடிவு சொன்ன யூகேபிடிஎஸ்னு ஒரு பெரிய ஆய்வு, அதுல சுகரோட பிரஷரும் இருந்தவங்களை ரெண்டா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு பிரஷரை நல்லா இறக்கினாங்க. மேல் நம்பர்ல வித்தியாசம் வெறும் 10 புள்ளி, 154க்கு பதிலா 144, அவ்வளவுதான், அதுக்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைஞ்சுது, சுகர் சம்பந்தப்பட்ட சாவு 32 சதவீதம் குறைஞ்சுது. ஸ்டாட்டினுக்கு 2004ல வந்த கார்ட்ஸ் ஆய்வு, சுகர் இருந்து ஹார்ட் பிரச்சனையே வராத 2838 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு தினம் 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின், இன்னொண்ணுக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரைன்னு குடுத்து பாத்தாங்க, மருந்து போட்டவங்களுக்கு ஹார்ட் அட்டாக், பக்கவாதம் மாதிரி பெரிய சம்பவங்கள் 37 சதவீதம் குறைஞ்சதால ஆய்வையே ரெண்டு வருஷம் முன்னாடி நிறுத்திட்டாங்க. அப்போ வலிக்காத, தெரியாத பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எதுக்குன்னா இதுக்குத்தான்.

அதுக்காக சுகரை எவ்வளவு இறக்குறோமோ அவ்வளவு நல்லதுன்னும் கிடையாது. 2008ல அமெரிக்காவுல அக்கார்டுன்னு ஒரு ஆய்வு, பத்தாயிரத்து சொச்சம் பேர், மூணு மாச சுகரை 6க்கு கீழ அடிச்சு இறக்க பாத்த கூட்டத்துல சாவு கூடுதலாச்சு, அந்த பாதியை நிறுத்த வேண்டியதாப்போச்சு. அதனாலதான் பெரும்பாலானவங்களுக்கு 7 கிட்டன்னு டாக்டர் சொல்றாங்க, வயசானவங்களுக்கு, ஹார்ட் ஏற்கனவே கெட்டவங்களுக்கு இன்னும் கொஞ்சம் தளர்த்தி விடுவாங்க. பக்கத்து ரூம் ஆளுக்கு 6.2ங்கிறதால நீங்களும் 6.2க்கு ஓடாதீங்க.

சாப்பாடு, இங்க கிடைக்கிறதை வச்சு

இந்த தீவுல பெரியவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு சுகர், அதை 1987ல இருந்து சர்வே எடுத்து எடுத்து பாத்துட்டே இருக்காங்க, ஆஸ்திரேலியாக்காரர் பால் ஜிம்மெட், பிரிட்டிஷ்காரர் ஜார்ஜ் ஆல்பர்ட்டி எல்லாம் சேர்ந்து ஆரம்பிச்சது. அந்த முதல் சர்வேலயே ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது, இந்திய வம்சாவளி மட்டும் இல்ல, கிரியோல்காரங்க (ஆப்பிரிக்க வம்சாவளி) சீனக்காரங்க எல்லாருக்குமே சுகர் கூடுதல். அப்போ நம்ம பரம்பரைன்னு மொத்தப் பழியையும் தாத்தா மேல போட முடியாது, வாழுற விதமும் இருக்கு.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. அப்ப இங்க விலை கட்டுப்பாட்டுல கிடைச்ச ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். 1987ல அரசாங்கம் அதை சோயா எண்ணெய்க்கு மாத்திட்டாங்க. யாருக்கும் பத்தியம் சொல்லல, லெக்சர் அடிக்கல, கடையில கிடைக்கிற எண்ணெய் மாறிடுச்சு, அவ்வளவுதான். 1992ல திரும்ப பாத்தா ஜனங்களோட சராசரி மொத்தக் கொழுப்பு 5.5ல இருந்து 4.7க்கு வந்திருந்துச்சு, அதுல பெரிய பங்கு இந்த எண்ணெய்க்குன்னு கணக்கு போட்டு காட்டினாங்க. உங்க ரூம்ல நாலு பேர் சேர்ந்து சமைக்கிறீங்கன்னா முதல்ல பாக்க வேண்டியது பாட்டில் மேல இருக்கிற லேபிள். ஆனா இதுல ஒரு மறுபக்கமும் இருக்கு, அதே அஞ்சு வருஷத்துல ஜனங்க எடை கூடித்தான் போச்சு. எண்ணெய் மாத்தினா கொழுப்பு இறங்கும், தொப்பை இறங்காது. அதுக்கு அளவு குறையணும்.

சரி, டோல்பூரி, அதான் உள்ள பருப்பு வச்ச மெல்லிசு ரொட்டி. போர்ட் லூயிஸ் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கண்ணாடிப் பெட்டி வச்சு நிக்கிறவர் அடுக்குல இருந்து ரெண்டை உரிச்சு எடுத்து பேப்பர்ல வச்சு, மேல க்ரோ ப்வா (பெரிய பீன்ஸ்) கறி ஒரு கரண்டி, தக்காளி ருகாய் கொஞ்சம், மிளகாய் ஒரு இழு இழுத்து சுருட்டி குடுக்கிறதுக்கு பத்து செகண்ட் ஆகாது. இதை விட்டுடணும்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள பருப்பு இருக்கு, கூட பீன்ஸ் இருக்கு, ஒரு ஜோடி மதிய சாப்பாடா எடுத்தா பெரிய தப்பு இல்ல, கறியை கூட போடச் சொல்லுங்க. வம்பு எங்கன்னா ரெண்டு ஜோடி, கூட ஒரு அலூடா, அதுக்கு மேல ரெண்டு காத்தோ பிமா (நம்ம பருப்பு வடை மாதிரி)ன்னு போகும்போதுதான். அலூடாவுல பாலு, சப்ஜா விதை எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த சிரப்புதான் ஆளை காலி பண்றது. குடிக்கிற சக்கரையை மொத்தமா நிறுத்துங்க, டயட்ல இதைவிட சுலபமா பலன் குடுக்கிற வேலை வேற இல்ல. டீக்கடையில சான் டிசிக்னு சொல்லி பழகுங்க, சக்கரை போடாம குடுப்பாங்க, ரெண்டு மூணு வாரத்துல நாக்கு பழகிடும். இங்க விளையுற பழுப்பு சக்கரை உடம்புக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா கேட்டுக்குங்க, சிரிச்சுக்குங்க, சுகருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

மத்தபடி இந்த ஊர் காய்கறிக்கு குறையே இல்லைங்க. முருங்கைக்கீரையை ப்ரெட் மூரூம்னு கட்டு கட்டா விக்கிறாங்க, பாகற்காய் மார்கோஸ்னு கிடைக்கும், வெண்டைக்காய்க்கு லாலோ, சௌசௌவுக்கு ஷூஷூ. தட்டுல பாதி இதுங்க, கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு மீன் கோழி. இங்க நிறைய வீட்ல காலையில பிரெட், மத்தியானம் சோறு, சாயங்காலம் டீயோட திரும்ப பிரெட், ராத்திரி மின் ஃப்ரீங்கிற வறுத்த நூடுல்ஸ், மாவே நாலு வேளை ஆயிடுது. அதுல ஒரு வேளையை மட்டும் காயும் முட்டையுமா மாத்தி பாருங்க, மீட்டரே சொல்லும். பாகற்காயை கறியா எவ்வளவு வேணா சாப்பிடுங்க, ஆனா ஜூஸா குடிச்சுக்கிட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க, அதுக்கு ஆதாரம் ரொம்ப மெலிசு.

எடை குறைஞ்சா என்ன ஆகும்னு கேக்கிறவங்களுக்கு: பிரிட்டன்ல டைரெக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல வந்தது, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்களுக்கு சில மாசம் தினம் 850 கலோரி கிட்ட மட்டும் குடுத்து எடையை குறைச்சாங்க, ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் எல்லைக்குள்ள வந்துடுச்சு. ஆனா அது டாக்டர் கண்காணிப்புல நடந்தது, மாத்திரையை எல்லாம் முன்கூட்டியே நிறுத்தி திட்டம் போட்டு செஞ்சது, நீங்க ரூம்ல உக்காந்து கிளிக்லசைடும் போட்டுக்கிட்டு பட்டினி கிடந்தா லோ சுகர்ல விழுந்துடுவீங்க. இன்னும் சுகர் வராம பார்டர்ல இருக்கிறவங்களுக்கு நம்ம சென்னை ராமச்சந்திரன் டாக்டர் குழு 2006ல காட்டினது இருக்கு, 531 பேர்ல நடையும் சாப்பாட்டு கட்டுப்பாடும் சுகர் வர்ற வாய்ப்பை 28.5 சதவீதம் குறைச்சுது, மெட்ஃபார்மின் 26.4. நடையும் சாப்பாட்டு கட்டுப்பாடும் சேர்ந்தா மாத்திரை அளவுக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

காவடி, விரதம், ஏழு கறி

தைப்பூச காவடிக்கு இங்க பத்து நாள் விரதம் இருப்பாங்க, கத்ர்போர்ன்ல கோர் தெ கார்ட் மலைக்கோயில் ஏறுறவங்க கூட்டம் சொல்லி மாளாது. சுகர் இருந்தா போகக்கூடாதுன்னு இல்ல. ஆனா இது ஜனவரி பிப்ரவரி, இங்க கொளுத்துற வெயில் காலம், சைவச் சாப்பாடு பிரச்சனை இல்ல, அன்னைக்கு காலையில இருந்து சாப்பிடாம தண்ணி சரியா குடிக்காம மணிக்கணக்கா நடக்கிறதுதான் பிரச்சனை. ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட போய் எந்த மாத்திரையை அன்னைக்கு எப்ப போடணும், எதை விடணும்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வாங்க. கிளிக்லசைடு போட்டுட்டு வெறும் வயித்துல காவடி தூக்கினா நடுரோட்ல சாய்வீங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி யூரின்ல சுகரை வெளியேத்துற புது மாத்திரை போடுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், பட்டினியும் தண்ணி வத்துறதும் சேர்ந்தா ரத்தத்துல அமிலம் ஏறுற ஆபத்து இருக்கு, சுகர் நம்பர் சாதாரணமா இருந்தாலும் அது வரும்.

அப்புறம் பாதம். வெறுங்கால்ல தார் ரோட்ல நடக்கிறோம், ஆணிச் செருப்பு போடுறவங்களும் இருக்காங்க, வருஷத்துல வேற சமயம் தீமிதியும் இருக்கு. பல வருஷ சுகர்ல பாதம் மரத்திருந்தா சுடுறதே தெரியாது. அடுத்த நாள் சாக்ஸ்ல ஈரம் பட்டாத்தான் கொப்புளம் உடைஞ்சதே தெரிய வரும். போறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்: கண்ணை மூடிக்கிட்டு கூட இருக்கிறவரை கால் விரல் நுனியை லேசா தொடச் சொல்லுங்க, தொட்டது தெரியலன்னா வெறுங்கால் நடையும் தீமிதியும் உங்களுக்கு வேண்டாம், டாக்டர்கிட்ட பாதத்தை காட்டுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார், பால்குடத்தை வேற ஒருத்தர் எடுத்துட்டு போகட்டும், நீங்க செருப்போட கோயில் வாசல் வரைக்கும் போங்க. நடந்துட்டு வந்தவங்க அன்னைக்கு ராத்திரியே விரல் இடுக்கு வரைக்கும் லைட் அடிச்சு பாத்துடணும்.

ஏழு கறின்னு இங்க வாழையிலையில ஏழு வகை காய்கறி பரிமாறுற சைவ விருந்து, அதுக்கு இலை போட்டா கறி ஏழையும் ஒரு கை பாருங்க, சோத்தை ஒரு தடவையோட நிறுத்துங்க, பானகம் பாயசம் ருசிக்கு ஒரு வாய். பரிமாறுறவங்க விடமாட்டாங்க, இலையை சட்டுன்னு மடிச்சுடுங்க.

புயல் சீசன்

இன்சுலின் போடுறவங்களுக்கு இது. இங்க புயல் எச்சரிக்கையை கிளாஸ் 1ல இருந்து 4 வரைக்கும் ஏத்திட்டே போவாங்க, கிளாஸ் 1 அறிவிச்சாலே ஃபார்மசிக்கு போய் ரெண்டு வார மாத்திரை, ஊசி, ஸ்ட்ரிப், மீட்டர் பேட்டரி எல்லாம் சேத்து வச்சுடுங்க, கிளாஸ் 3 வந்துட்டா பஸ் நிக்கும், கடை மூடிடும். கரண்ட் போனா ஃப்ரிட்ஜ் போச்சேன்னு பதற வேண்டாம், பயன்படுத்திட்டு இருக்கிற இன்சுலின் பெரும்பாலான வகை 30 டிகிரிக்கு கீழ 28 நாள் வரைக்கும் தாங்கும், உங்க பெட்டியில எத்தனை நாள்னு அச்சடிச்சிருக்கும். மண்பானையில தண்ணி ஊத்தி அதுக்குள்ள ஒரு டப்பாவுல நனையாம வைக்கலாம். ஐஸ்கட்டியில நேரா வச்சுடாதீங்க, உறைஞ்ச இன்சுலின் குப்பைக்குத்தான்.

ஆய்வுன்னு வாட்ஸ்ஆப்ல வந்தா

மூணு கேள்வி கேளுங்க. எலியிலயா மனுஷன்லயா? குறைஞ்சது ரத்தத்துல ஒரு நம்பரா, இல்ல ஹார்ட் அட்டாக்கும் சாவுமா? சொல்ற சதவீதம் எதுக்கு சதவீதம்? உதாரணத்துக்கு 2015ல எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு வந்தப்ப ஹார்ட்டால வர்ற சாவு 38 சதவீதம் குறைஞ்சுதுன்னு உலகமே பேசுச்சு. உண்மைதான். ஆனா அது ஏற்கனவே ஹார்ட் நோய் இருந்தவங்கள்ல, கிட்டத்தட்ட மூணு வருஷத்துல, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை போட்ட நூறு பேர்ல 5.9 பேர் ஹார்ட்டால செத்தாங்க, மருந்து போட்டவங்கள்ல 3.7. நூத்துக்கு ரெண்டு பேர் கூடுதலா பிழைச்சாங்க, அது மருத்துவத்துல பெரிய விஷயம், ஆனா ஹார்ட்ல எதுவுமே இல்லாத 35 வயசு ஆளு அந்த விலையான மாத்திரைதான் வேணும்னு சண்டை போட இது காரணம் ஆகாது. அதே சமயம் ஹார்ட்டோ கிட்னியோ ஏற்கனவே பாதிச்சிருந்தா, எனக்கு இந்த வகை மாத்திரை ஒத்துவருமான்னு நீங்களே டாக்டர்கிட்ட கேக்கலாம், கேக்கணும்.

அடுத்த மூணு மாச சுகர் டெஸ்ட்டை மூணு மாசம் கழிச்சே எடுங்க, ஒரே மாசத்துல ஓடாதீங்க. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டின சக்கரையைத்தான் அது அளக்குது, அதனால நீங்க போன வாரம் பண்ணின மாத்தம் முழுசா அதுல தெரியாது. போகும்போது மீட்டர்ல எடுத்த நம்பரை தேதி, சாப்பாட்டுக்கு முன்னாடியா அப்புறமான்னு போட்டு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு போங்க, ஊர்ல இருந்து ஏதாவது லேகியம் பொடி வரவழைச்சு சாப்பிடுறீங்கன்னா அந்த டப்பாவையும் பையில போட்டுக்குங்க.